பக்கத்தில் இருப்பவர் செய்வதும் சிகிச்சைதான்



மனநல மருத்துவமனை என்றதும் டாக்டரைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசித்தான் நமக்குப் பழக்கம். ஆனால் ஒருவர் உள்நோயாளியாக வார்டில் சேர்ந்துவிட்டால், அவருடைய ஒரு நாளில் டாக்டர் அவரோடு இருப்பது சில நிமிடங்கள். ஸ்டாஃப் நர்ஸ் மாத்திரை கொடுக்க வருகிறார், ஊசி போட வருகிறார், கேஸ் ஷீட் எழுதுகிறார். ஒருவரே பல கட்டில்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் அவராலும் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை. விடியற்காலை முகம் கழுவ வைப்பது முதல், இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் வராந்தாவில் நடப்பவரோடு கூட நடப்பது வரை, மீதி நேரம் முழுவதும் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் வார்டு உதவியாளர்தான். அட்டெண்டர், வார்டு பாய், பெண்கள் வார்டில் ஆயாம்மா என்று ஊருக்கு ஊர் அவரைக் கூப்பிடுகிறோம். துப்புரவும் காவலும் கலந்த வேலை அது என்பது பொதுவான நினைப்பு. அவருக்குக் கிடைக்கும் பயிற்சியும் சம்பளமும் மரியாதையும் அந்த நினைப்பின்படியே அமைந்துவிட்டன. அந்த நினைப்பு தவறு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். வார்டு உதவியாளர் செய்வது சிகிச்சையின் ஒரு பகுதி. அதைச் சிகிச்சையாக ஏற்று அவருக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் தராதவரை, மனநோயாளிகளின் உரிமை குறித்து நாம் இயற்றிய நல்ல சட்டங்கள் வார்டின் வாசலோடு நின்றுவிடும்.

முதலில் அந்த வேலையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். மனச்சிதைவு நோய்க்கு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளைத் தொடங்கிய சில நாட்களில் சிலருக்கு ஒரு பக்கவிளைவு வரும். உடம்பு உள்ளுக்குள் பரபரக்கும். ஓரிடத்தில் உட்கார முடியாது. கட்டிலில் உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடுவார். நின்றால் இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறி மாறிப் பாரத்தைப் போடுவார். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நடக்கத் தொடங்குவார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நோய் முற்றிவிட்டது போலத் தோன்றும். "நேத்தைவிட இன்னைக்கு ரொம்ப ஆட்டம்" என்று ஒரு வரி டாக்டர் காதுக்குப் போனால், மருந்தின் அளவு கூடக்கூடும். அளவு கூடினால் அந்தப் பரபரப்பும் கூடும். பக்கத்திலேயே இருக்கும் உதவியாளர், "பேச்சு தெளிவாத்தான் இருக்கு, கோபம் இல்லை, ஆனா கால் நிற்கமாட்டேங்குது, அவரே முடியலைன்னு அழறார்" என்று சொன்னால் டாக்டர் மருந்தைக் குறைப்பார், அல்லது அதற்கான மாற்று மருந்தைத் தருவார். வார்டிலுள்ள எந்தக் கருவியும் இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஒரு மனிதர் இன்னொரு மனிதரை மணிக்கணக்காகப் பார்த்திருந்து கண்டுபிடிக்க வேண்டியது இது. பார்க்கத் தெரிந்திருக்கவும் வேண்டும், பார்த்ததைச் சொன்னால் கேட்க ஆளும் வேண்டும்.

இப்படி இன்னும் பல. லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, கை நடுக்கம் அதிகமானால், மருந்து உடம்பில் நஞ்சாகிக்கொண்டிருக்கலாம். உடம்பில் நீர் குறைந்தால் அந்த ஆபத்து கூடும்; தண்ணீர்ச் சொம்பு காலையில் வைத்தபடியே இருப்பதை முதலில் கவனிப்பவர் ஆயாம்மாதான். குளோசபின் எடுப்பவருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்புபவர் யார், மருந்து பிடிக்காததால் துப்புகிறாரா அல்லது அதில் விஷம் இருப்பதாகப் பயப்படுகிறாரா என்பதும் உதவியாளருக்குத் தெரியும். கடும் மனச்சோர்வில் இருந்தவர் மெல்லத் தேறிவரும் நாட்களில் கண்காணிப்பைத் தளர்த்திவிடக் கூடாது. எழுந்து நடமாடத் தெம்பு வந்திருக்கும், மனத்தின் இருள் இன்னும் விலகியிருக்காது. அந்த நாட்களில் அவர் பக்கத்தில் இருப்பது வெறும் காவல் என்றால், குளியலறைக் கதவருகே ஒரு ஆளை நிறுத்திவைத்தால் போதும். அவரோடு பேசியபடி, அவருக்கு வெட்கம் வராதபடி, அதே சமயம் கண்ணை எடுக்காமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

இந்தத் திறமையின் வரலாறு மனநல மருத்துவத்தின் வரலாற்றோடு சேர்ந்தே தொடங்குகிறது. பாரிஸ் நகரத்தில் மனநோயாளிகளின் சங்கிலியை அறுத்தவர் பிலிப் பினெல் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அவர் பெண் நோயாளிகளைச் சங்கிலியிலிருந்து விடுவிக்கும் காட்சியை 1876-இல் தோனி ரோபேர் ஃபிளரி பெரிய ஓவியமாகவே தீட்டினார். நடந்தது சற்று வேறு. பினெல் 1793-இல் பிசேத்ர் மருத்துவமனைக்கு வந்தபோது அங்கே மனநோயாளிகள் பகுதியின் பொறுப்பில் இருந்தவர் ழான் பாப்திஸ்த் புஸ்ஸன். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்தவர் அவர். கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அதே பிசேத்ருக்கு நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். மருத்துவப் படிப்பு இல்லாதவர். நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று தன் கீழிருந்த ஊழியர்களுக்குக் கட்டளையிட்டார். நோயிலிருந்து தேறியவர்களையே முடிந்தவரை பணியாளர்களாக எடுத்துக்கொண்டார். அந்த வேதனையை அறிந்தவர்கள் கை ஓங்கமாட்டார்கள் என்று நம்பினார். பினெல் அங்கிருந்து மாறிப்போன பிறகு, 1797-இல், பிசேத்ரில் சங்கிலிகளைக் கழற்றியவர் புஸ்ஸன்தான். தான் கற்றதில் பெரும்பகுதி புஸ்ஸனிடமிருந்து வந்தது என்பதைப் பினெல் மறைக்கவில்லை. தம் நூலில் அவரைப் புகழ்ந்து எழுதினார், 1802-இல் அவரைத் தம்மோடு வேலை செய்ய சால்பெத்ரியேருக்கு வரவழைத்துக்கொண்டார். சங்கிலி போன இடத்தில் கைகளைக் கட்டும் சட்டை வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரேயடியாக எல்லாம் மாறிவிடவில்லை. ஆனாலும் மனநல மருத்துவம் தன் முதல் பெரிய சீர்திருத்தமாகக் கொண்டாடும் செயல் ஒரு வார்டு ஊழியரின் அனுபவத்திலிருந்து பிறந்தது. ஓவியத்தில் புகழ் டாக்டருக்கே போய்விட்டது.

புஸ்ஸனுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு இதே உண்மையை ஆராய்ச்சி முறையில் எட்டினார்கள் இரண்டு அமெரிக்கர்கள். ஆல்ஃபிரட் ஸ்டான்டன் என்ற மனநல மருத்துவரும் மோரிஸ் ஷ்வார்ட்ஸ் என்ற சமூகவியலாளரும் ஒரு தனியார் மனநல மருத்துவமனையின் வார்டை நெடுநாள் கூர்ந்து பார்த்து, 1954-இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். ஒரு நோயாளி திடீரென்று கட்டுக்கடங்காமல் கொந்தளிக்கும்போது அவருடைய நோயைத்தானே காரணமாகச் சொல்வோம்? அவர்கள் கண்டது வேறு. அப்படிக் கொந்தளித்தவர்களைச் சுற்றியிருந்த ஊழியர்களுக்குள், அந்த நோயாளியை எப்படி நடத்துவது என்பதில், வெளியே சொல்லாத கருத்து வேறுபாடு இருந்தது. ஒருவர் கண்டிப்பு வேண்டும் என்று நினைக்கிறார், இன்னொருவர் விட்டுப்பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறார், இருவரும் பேசிக்கொள்வதில்லை, இருவருக்கும் நடுவே நோயாளி அலைக்கழிகிறார். அந்த ஊழியர்களை உட்காரவைத்து மனம்விட்டுப் பேசவைத்தபோது நோயாளியின் கொந்தளிப்பும் பெரும்பாலும் சட்டென்று தணிந்தது. வார்டு ஊழியர்களின் உறவு நோயாளியின் உடம்பில் வெளிப்படுகிறது என்றால், அந்த ஊழியர்களைச் சிகிச்சைக்கு வெளியே நிற்பவர்கள் என்று எப்படிச் சொல்வது? நம் மருத்துவமனைகளில் ஷிப்ட் மாறும்போது நர்ஸுக்கு நர்ஸ் பொறுப்பு ஒப்படைக்கிறார்கள். அந்தப் பேச்சில் உதவியாளருக்கு இடம் இருப்பது அரிது. எட்டு மணி நேரம் அவர் கண்டதெல்லாம் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் இல்லத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அது மருத்துவமனை இல்லை, அவ்வூர்த் தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்த தனியார் இல்லம். ஆனாலும் அந்தச் சங்கிலியின் காரணத்தை எல்லா மனநல வார்டுகளும் புரிந்துகொள்ளும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் சங்கிலி ஆள் வேலையைச் செய்கிறது. உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. பல இல்லங்கள் மூடப்பட்டன. பின்னாளில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, 2018-இல் நடைமுறைக்கும் வந்தது. அதன் 97-ஆவது பிரிவு நோயாளியைத் தனியறையில் அடைத்து வைப்பதை அறவே தடைசெய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதென்றால், அவருக்கோ பிறருக்கோ உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் வரை மட்டும் செய்யலாம். தண்டனையாகச் செய்யக் கூடாது. காரணமும் முறையும் நேரமும் உடனே கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு வாக்கியமும் உண்டு: ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி யாரையும் கட்டிப்போடக் கூடாது. இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் வரி இதுதான். இதை எழுதியவர்களுக்கு வார்டின் நிலைமை தெரிந்திருக்கிறது.

தெரிந்திருந்தும் அவர்கள் ஒரு படி குறைவாக நின்றுவிட்டார்கள். அதே சட்டம் மனநல வல்லுநர் யார் என்று வரையறுக்கிறது: மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர், ஆயுர்வேதம், சித்த மருத்துவம் போன்ற முறைகளில் மனநலம் பற்றிய பட்டமேற்படிப்பு முடித்தவர். 31-ஆவது பிரிவு அரசு மருத்துவமனை மருத்துவர்களுக்கும் சிறை மருத்துவர்களுக்கும் பயிற்சி தரச் சொல்கிறது. சட்டம் வந்த பத்தாண்டுக்குள் வல்லுநர்களின் எண்ணிக்கையை உலக அளவுகோலுக்கு உயர்த்த முயலச் சொல்கிறது. இவை எல்லாம் தேவைதான். ஆனால் நடு இரவில் ஒருவர் கத்தியபடி எழுந்து ஜன்னலை நோக்கி ஓடும்போது முதலில் அங்கே போய்ச் சேரும் கை யாருடையதோ அவரைப் பற்றி இந்தப் பிரிவுகள் பேசவில்லை. கட்டுவதா, பிடிப்பதா, பேசுவதா என்பது அந்த அரை நிமிடத்தில் முடிவாகிறது. டாக்டரின் அனுமதி பிறகுதான் வருகிறது. இங்கிலாந்தில் மருத்துவமனையில் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததில் ஓர் இளைஞர் உயிரிழந்த பிறகு, மனநலப் பிரிவுகளில் பலப்பிரயோகம் பற்றி 2018-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். அது அந்தப் பிரிவுகளின் ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதைக் கட்டாயமாக்குகிறது. குப்புறப் படுக்கவைத்து முதுகில் பாரம் ஏற்றினால் மூச்சு நின்றுவிடும் என்பது பிடிப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் நாளிதழ் 1998-இல் வெளியிட்ட புலனாய்வுத் தொடர், முந்தைய பத்தாண்டுக் காலத்தில் கட்டிப்போட்டோ தனிமையில் அடைத்தோ நேர்ந்த 142 சாவுகளைக் கணக்கெடுத்தது. கட்டுவதும் அமுக்குவதும் ஆபத்தில்லாத வழி என்ற நினைப்பை அந்தக் கணக்கு குலைத்துப்போட்டது.

இங்கே வார்டில் வேலை செய்பவர்களிடமிருந்தே ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். "உரிமை, கண்ணியம் என்று மேடையில் பேசலாம், அடி வாங்குவது நாங்கள். கட்டுவதைக் குறைத்தால் எங்கள் மண்டை உடையும்." இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மனநல வார்டு ஊழியர்கள் கடிபடுகிறார்கள், அறை வாங்குகிறார்கள், முகத்தில் எச்சில் துப்பப்படுவதைத் தாங்குகிறார்கள். எல்லா நாடுகளிலும் இது பதிவாகியிருக்கிறது. ஆகவே அனுபவத்தின் விடையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் தன் அரசு மனநல மருத்துவமனைகளில் 1990 முதல் தனியறையில் அடைப்பதையும் கட்டுவதையும் படிப்படியாகக் குறைத்தது. ஆயிரம் நோயாளி நாட்களுக்கு 4.2 முறை நடந்துவந்த தனியறை அடைப்பு, 2000-இல் 0.3 ஆகக் குறைந்தது. கட்டுவது 3.5-இலிருந்து 1.2 ஆனது, கட்டப்பட்டவர் சராசரியாக ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் அப்படிக் கிடந்த நிலை மாறி, இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்தது. ஊழியர் காயங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆண்டுகளில் அவை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. அவர்கள் ஊழியர்களை வெறுங்கையோடு விட்டுவிட்டுக் கட்டாதே என்று மட்டும் சொல்லவில்லை. ஆட்களைக் கூட்டினார்கள், நெருக்கடியில் வந்து நிற்கப் பயிற்சி பெற்ற குழுக்களை வைத்தார்கள், ஒவ்வொரு முறை கட்டிய பிறகும் ஏன் அப்படி ஆனது என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். ஊழியரின் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்பும் ஒரே வழியில்தான் கிடைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அந்த வழியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், லண்டனில் லென் பவர்ஸ் என்ற மனநலச் செவிலியப் பேராசிரியர் தலைமையில் உருவான 'சேஃப்வார்ட்ஸ்' முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வார்டில் மோதல் எங்கே தொடங்குகிறது என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் அது சின்ன விஷயங்களில் தொடங்குகிறது: ஒன்றைக் கேட்டு மறுக்கப்படும்போது, ஒன்றைச் செய்யச் சொல்லும்போது, வீட்டிலிருந்து கெட்ட செய்தி வரும்போது, பூட்டிய கதவருகே. ஆகவே அவர்கள் வகுத்த பத்து நடைமுறைகளும் எளியவை. 'முடியாது' என்று சொல்ல வேண்டி வந்தால் எப்படிச் சொல்வது என்பதற்கு சில நாட்களுக்கு ஒரு புதுக் குறிப்பைச் சுவரில் ஒட்டுகிறார்கள். கொந்தளிக்கும் ஒருவரைப் பேச்சால் தணிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறார். ஊருக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள், பார்க்க வருவதாகச் சொன்ன மகன் வரவில்லை என்பது போன்ற செய்தி இருந்தால் ஊழியர் முன்கூட்டியே அறிந்து, தனியே கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நல்லதாக ஒன்றையாவது சொல்லித்தான் பொறுப்பை ஒப்படைக்கிறார். வார்டில் ஒரு சண்டை நடந்து முடிந்தால், அதைப் பார்த்துப் பயந்துபோன மற்ற நோயாளிகளிடம் போய் ஆறுதல் சொல்கிறார். குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி எழுதி மாட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த முறையை 15 மருத்துவமனைகளைச் சேர்ந்த 31 வார்டுகளில் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பிட்ட மற்ற வார்டுகளைவிட மோதல்கள் சுமார் 15 விழுக்காடு குறைந்தன. அடைப்பது, கட்டுவது, கட்டாய ஊசி போன்றவை சுமார் கால் பங்கு குறைந்தன. அங்குள்ள ஊழியர் எண்ணிக்கையும் கட்டட வசதியும் நமக்கு இல்லை, எனவே அதே அளவு பலன் இங்கே கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பத்தில் எதற்கும் பெரிய கருவி வேண்டாம், கட்டடம் வேண்டாம். பேசவும் உட்காரவும் பயிற்சி பெற்ற மனிதர்கள் வேண்டும்.

"நம் நாட்டில் நோயாளியோடு குடும்பம் இருக்கிறது; மேல்நாட்டு முறை எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. இதில் பெருமைப்பட நமக்கு இடம் உண்டு. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் 1950-களில் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்து, சிகிச்சையில் பங்கெடுக்க வைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பம் உடனிருக்கும் முறையைத் தொடக்க காலத்திலிருந்தே கடைப்பிடித்தது. உலகம் பின்னால் கற்றுக்கொண்ட பாடம் அது. ஆனால் குடும்பம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வேர் 1794-இல் சென்னையில் தொடங்கிய இல்லம் வரை போகிறது. 1871 முதல் இன்றைய இடத்தில் இருக்கிறது. தெருவிலிருந்து அழைத்துவரப்பட்டு ஊரும் பேரும் தெரியாமல் அங்கே சேர்க்கப்பட்டவர்களும், குணமான பிறகும் கூட்டிக்கொண்டு போக யாரும் வராதவர்களும் உண்டு. அவர்களுக்கு அண்ணன், அக்கா, அம்மா எல்லாம் வார்டு ஊழியர்தான். குடும்பம் கூடவே இருக்கும் இடத்திலும் அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். மகனுக்கு வந்திருப்பது நோய், திமிர் இல்லை என்பதை அந்தத் தாய் டாக்டரிடம் ஒரு முறை கேட்டால் மனத்தில் பதியாது. தினமும் பார்க்கும் ஆயாம்மா தன் நடத்தையால் காட்டும்போது பதியும். பல மாதம் வீட்டில் தூங்காமல் காத்து உடைந்துபோய் வந்த ஒரு மனைவியிடம், கணவனைப் பிடித்துக்கொள், குளிப்பாட்டு, மாத்திரை கொடு என்று எல்லா வேலையையும் ஒப்படைப்பது குடும்பப் பங்கேற்பு ஆகாது. ஆள் பற்றாக்குறையை அவள் தோளில் இறக்கிவைக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னும் சிலர், அன்பு இருந்தால் போதும், பயிற்சி கொடுத்தால் வேலை இயந்திரத்தனமாகிவிடும் என்கிறார்கள். அன்பு இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அன்பு மட்டுமே உள்ளவர், 'என் காதில் யாரோ திட்டுகிறார்கள்' என்று அழுபவரிடம் 'அப்படி யாரும் இல்லை, சும்மா இருப்பா' என்பார். அல்லது அவரைச் சமாதானப்படுத்த 'ஆமாம், எனக்கும் கேட்குது' என்பார். இரண்டும் தீங்கு. அந்தக் குரல் உங்களுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் பயந்திருப்பது தெரிகிறது, நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்வதற்குக் கற்க வேண்டும். படிப்புப் பட்டம் இல்லாதவர்களாலும் இதைக் கற்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மனச்சிதைவு நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய் உதவும் பணியைச் சாதாரண சமூகப் பணியாளர்களிடம் ஒப்படைத்து, காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2014-இல் லான்செட் இதழில் வந்தது. சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபும் அதில் பங்கேற்றது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இவர்களின் உதவியும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு நோய்க்குறிகளும் அன்றாட முடக்கமும் குறைந்தன. பலன் மிதமானதுதான்; அது வார்டுக்கு வெளியே நடந்த ஆய்வும்கூட. ஆனால் அங்கே பணியாளர்களுக்குப் பயிற்சி இருந்தது, தொடர்ந்து வழிகாட்டிக் கேள்விக்கு விடை சொல்லும் மேற்பார்வை இருந்தது. வார்டுக்கும் அந்த இரண்டைத்தான் கேட்கிறேன்.

கடைசியாகப் பணம். அரசிடம் நிதி இல்லை, முதலில் டாக்டர்களையும் நர்ஸுகளையும் போடட்டும் என்பார்கள். 2015-16-இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நாட்டில் வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்றும் காட்டியது. இத்தனை பேருக்கும் போதுமான மனநல மருத்துவர்கள் உருவாகும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும். உதவியாளருக்குச் சில வாரப் பயிற்சி தருவதற்கு அத்தனை காலமும் வேண்டாம், அத்தனை செலவும் ஆகாது. உண்மையான செலவு பயிற்சியில் இல்லை, அவரை நிலையாக வைத்துக்கொள்வதில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் துப்புரவும் காவலும் உதவிப் பணியும் ஒப்பந்த நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. நேற்று அறுவை வார்டில் ஸ்டிரெச்சர் தள்ளியவர் இன்று மனநல வார்டில் நிற்கலாம், நாளை வேறெங்கோ போகலாம். நோயாளிக்கு அவர் முகம் பழகுவதற்குள் ஆள் மாறிவிடுகிறது. அடி வாங்கினால் முதலுதவி கிடைக்கும். "பயந்துவிட்டாயா, இன்றைக்கு வீட்டுக்குப் போகிறாயா" என்று கேட்க ஆள் இல்லை. அவமானப்பட்டு, பயந்து, அதை யாரிடமும் சொல்லாமல் மறுநாள் வேலைக்கு வருபவரின் கை கொஞ்சம் கொஞ்சமாக முரடாகிறது. முரட்டுத்தனமான உதவியாளரைப் பணிநீக்கம் செய்வது சுலபம். அவர் அப்படி ஆன வழியை அடைக்காவிட்டால், அடுத்து வருபவரும் அந்த வழியிலேயே போவார்.

ஆகவே என் கோரிக்கை தெளிவானது. மனநல வார்டில் காலெடுத்து வைக்குமுன் ஒவ்வொரு உதவியாளருக்கும் கட்டாயப் பயிற்சி வேண்டும். அதில் பேச்சால் தணிப்பதும், மருந்தின் பக்கவிளைவுகளை அடையாளம் காண்பதும், உயிருக்கு ஆபத்தில்லாமல் பிடிப்பதும், 2017 சட்டமும் இருக்க வேண்டும். அவர் கண்டதைக் கேஸ் ஷீட்டில் பதிய ஓரிடமும், ஷிப்ட் மாறும் கூட்டத்தில் உட்கார ஒரு நாற்காலியும் வேண்டும். மனநல வார்டுக்கு என்றே நிலையான பணியிடங்கள் வேண்டும். நோயிலிருந்து மீண்டவர்களில் விருப்பமும் தகுதியும் உள்ளவர்களுக்கு அந்தப் பணியிடங்களில் உரிய சம்பளத்தோடு வாய்ப்பு வேண்டும். புஸ்ஸன் அன்றைக்கே செய்துகாட்டியது அது. இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, அரசாணை போதும்.

சபையில் இருக்கும் செவிலிய மாணவர்களே, நாளை நீங்கள் வார்டு பொறுப்பு நர்ஸாக உட்காரும்போது, ஷிப்ட் முடித்துப் போகும் ஆயாம்மாவை நிறுத்தி "ராத்திரி எப்படிம்மா இருந்தாங்க?" என்று கேளுங்கள், அவர் சொல்வதைப் பெயரோடு எழுதிவையுங்கள். நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். யாரையெல்லாம், எதற்காக, எவ்வளவு நேரம் கட்டினார்கள் என்ற விவரம் ஒவ்வொரு மாதமும், 2017 சட்டத்தின்கீழ் அமையும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். உங்கள் பிள்ளை இருக்கும் மருத்துவமனை அந்த அறிக்கையை அனுப்புகிறதா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.